டி.ஜே.க்கு ஒரு பொட்டலம் முந்திரி

ஷாலினி கண்ணு,

டி.ஜே. தம்பியைப் பார்க்க முதல் பஸ்ஸில் பெரம்பலூர் போகிறேன். உன் ரிசப்ஷனில் முதல் ஒரு மணி நேரம் மாதா பாட்டு போடச் சொன்னது என் தப்புதான். “அப்ப வேற ஆளப் பாருங்கம்மா” என்று போனை வைத்துவிட்டார். நீயும் சாப்பிடாமல் படுத்துவிட்டாய். எனக்குத் தூக்கமே இல்லை.

அவருக்கு நம் முந்திரியை வறுத்து எடுத்துப்போகிறேன். அதற்குள் வேறு கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டிருக்கக் கூடாதே என்று பயமாக இருக்கிறது. நீயும் வேண்டிக்கொள்.

மீன்குழம்பைச் சூடுபண்ணிச் சாப்பிடு. மாதா கோயில் உபதேசியார் வந்தால் காபி கொடு. “டி.ஜே. எல்லாம் எதுக்கும்மா?” என்பார். சண்டைக்குப் போகாதே.

அம்மா

இன்னொன்று: ஒரே ஒரு மாதா பாட்டு கேட்டுப் பார்ப்பேன். முடியாதென்றால் விட்டுவிடுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஆடும்போது, மேடை ஓரமாக நின்று நானே வாய்க்குள் பாடிக்கொள்கிறேன்.