பட்டியலில் சேராத ஆதாரம்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பாயான் பாருவிலிருந்து ஜார்ஜ்டவுன் வரை பஸ்ஸில் நின்றபடி. குடை ஒழுகல்.

நூலகம், 11 மணி. மாலைக் கல்லூரியில் வரும் திங்கள் ஏழு நிமிடப் பேச்சு. கேட்பவர்களை இணங்கவைக்க வேண்டுமாம். என் தலைப்பு: ஃபேக்டரி பஸ், ஆட்களைப் பெரிய சாலை ஓரத்தில் இறக்கிவிடாமல் ஃபிளாட் வளாகத்துக்குள் வந்து இறக்க வேண்டும். இந்தத் தலைப்பு, செத்துப்போன தங்கச்சி மாலதிக்காக என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

லெக்சரர் கேட்டது:
– புத்தகம் 2
– ஆய்விதழ்க் கட்டுரை 1
– செய்தித்தாள் 1
– எதிர்த்தரப்பு வாதம் ஒன்று, அதற்கும் ஆதாரம்

சொந்தக் கதை ஆதாரம் ஆகாது என்று போன வாரமே சொல்லிவிட்டார். நாற்பத்தொரு வயதில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்பது என் தலையெழுத்து. சூப்பர்வைசர் ஆக டிப்ளோமா வேண்டுமே.

தகவல் மேசையில் சரோஜா அக்கா. நல்ல மனுஷி. "வெறும் பஸ்னு தேடுனா ஆயிரம் வரும்லா. தொழிலாளர் போக்குவரத்துன்னு போட்டுப் பாரும்மா." போட்டேன். கட்டுரை ஒன்று, புத்தகம் ஒன்று. இன்னொரு புத்தகம் யாரோ இரவல் எடுத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்குப் பேம்பர்ஸ் வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

வெயில். அரை நாள் லீவு. பழைய செய்தித்தாள்கள் மேல்மாடியில், மாதவாரியாக பைண்டு செய்து. மூன்று வருடம் பின்னால் போனேன். மாலதி போனதற்கு மறுநாள் பேப்பரை நான் பார்த்ததே இல்லை. சாவு வீட்டில் யார் பேப்பர் படித்தார்கள்.

எட்டாம் பக்கம், அடியில், ஆறு வரி. பக்கத்தில் மெத்தை விளம்பரம், அது இதைவிடப் பெரிசு. பெயர்கூட இல்லை. 'தொழிற்சாலை ஊழியர், 29.' நடைபாலம் இருந்தும் ஏறாமல், கைபேசியில் பேசியபடி சாலையைக் கடந்து வண்டியில் அடிபட்டாராம். சொன்னது அவளை இறக்கிவிட்ட பஸ் டிரைவர்.

அத்தனையும் உண்மை.

சரோஜா அக்கா எட்டிப் பார்த்தார். "இது ஒனக்கு எதிராவுல்ல இருக்கு. எதிர்த்தரப்புக்கு வெச்சுக்கோ. நல்ல சோர்ஸ்."

ஃபோட்டோஸ்டாட் எடுத்துக்கொண்டேன். போனில் ஒருவர் பேசியதை எப்படி ஆதாரமாகக் காட்டுவது என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"பேரு, போன்ல பேசுனதுன்னு ஒரு வார்த்தை, தேதி. பேச்சுக்குள்ள சொல்லிக்கலாம். கடைசிப் பட்டியல்ல மட்டும் சேக்கக் கூடாது."

"ஏன்க்கா?"

"வேற யாரும் போய்ச் சரிபாக்க முடியாதுல்ல. யாரு பேசுனது?"

"தங்கச்சி."

"அப்ப ஈசிலா. மறுபடி கூப்பிட்டுக் கேட்டு எழுதிக்கோ."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய.

மார்ச் 6, வெள்ளி

வேலையில் மனசில்லை. எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப்போவதில்லை.

அப்போது மாலதிக்கு நைட் ஷிப்ட், எனக்குக் காலை. ஸ்ட்ரோக் வந்து அம்மா படுக்கை. அவள் உள்ளே வந்தால்தான் நான் வெளியே போக முடியும். அன்று அவள் பஸ் லேட். 7.10க்குக் கூப்பிட்டேன்.

"எங்கடி இருக்க? என் பஸ் போயிரும்."

"எறங்கிட்டேன்க்கா. பாலம் ஏறி எறங்குனா லேட்டாயிரும். இப்படியே வந்துர்றேன்லா."

நான் சொன்னது: "சரி."

வேணாம் என்று சொல்லவில்லை. பாலம் எவ்வளவு உயரம், சாலை எவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாதா.

அவள் போன பிறகு அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார், போனில் பேசினது யார் என்று. ஃபேக்டரிக் கூட்டாளியாக இருக்கும் என்றேன். மூன்று வருடமாக அந்தக் கூட்டாளியைத் திட்டுகிறார். நாசமாப் போறவ என்கிறார். சோறு ஊட்டிக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

மார்ச் 7, சனி

பேச்சு ஒத்திகை. நேரம் பார்க்க வேண்டும், கேட்க ஓர் ஆள் வேண்டும். இருப்பது அம்மா. பேச்சு ஆங்கிலத்தில், அவருக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். முதல் நான்கு நிமிடம் நன்றாகத்தான் கேட்டார்.

எதிர்த்தரப்பு வந்தது. அந்த ஆறு வரி. அதைத் தாண்டிப் போயிருக்கலாம். போகவில்லை. மாலதி, போன் பேச்சு, ஒரு செவ்வாய், காலை 7.10. அவள் சொன்னது. நான் சொன்னது. பஸ் உள்ளே வந்திருந்தால் பாலமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம் என்று முடித்தேன். அம்மா அதைக் கேட்டாரா தெரியாது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு பக்கம் வராத உடம்பு, திரும்புவது லேசில்லை. பிடிக்கப் போனேன்.

"தொடாத."

மார்ச் 8, ஞாயிறு

அம்மா பேசவில்லை. கஞ்சி பாதி. மாத்திரை மூன்றும் விழுங்கினார். நான் இல்லாதபோது அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா கதவருகே: "என்னலா, வீட்டுல சத்தமே காணோம்?"

திட்டினால்கூடத் தேவலை.

மார்ச் 9, திங்கள்

அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு அக்கா காவல். பேசினேன். ஏழு நிமிடம், பத்து விநாடி. மாலதியின் வரியை மட்டும் ஆங்கிலமாக்கவில்லை, அப்படியே சொன்னேன். பின் வரிசையில் ஒரு பிள்ளை அழுதது. லெக்சரர்: எதிர்வாதத்துக்கு நல்ல பதில், ஆனால் போன் பேச்சைச் சரிபார்க்க வழியில்லை. சரிதான் என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்

மழை. பேம்பர்ஸ் வாங்கியாயிற்று. நூலகப் புத்தகம் நாளை திருப்ப வேண்டும்.

அம்மாவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் கழித்து வாய் திறந்தார்.

"அந்தத் தாள் எங்க?"

பேச்சு எழுதிய தாளை எடுத்து வந்தேன்.

"பஸ்ஸு கதையெல்லாம் வேணாம். அவ சொன்னத மட்டும் வாசி."

வாசித்தேன்.

"இன்னொரு தடவ."