கண்ணாடி போட்ட ஆமை

ஜூன் 4, ஞாயிறு
சிறுவர் பக்கத்தில் வாராவாரம் நான் எழுதும் தொடர்கதைக்குள் இன்று ஓர் ஆமை வந்துவிட்டது. பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் குட்டையில் குடித்தனம். மூக்குக் கண்ணாடி உண்டு. அளந்து பார்க்காமல் ஓர் அடி எடுத்து வைக்காது. கரையில் குப்பை கிடக்கும்வரை தலையை வெளியே நீட்ட மாட்டேன் என்று பிடிவாதம் வேறு.

என் மனைவி நகராட்சி இன்ஜினியர். படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஆமைக்கு எதுக்குங்க என் கண்ணாடி?"

ஜூன் 7
குட்டையை மூடிவிட்டு வாகன நிறுத்தம் கட்டப் போகிறார்களாம். திட்டம் போடுவது யார்? சாட்சாத் இன்ஜினியரம்மாதான். "கதைக்கு வேற குட்டையே கிடைக்கலையா?" என்கிறாள்.

ஜூன் 18, ஞாயிறு
கதை படித்த பிள்ளைகள் சாக்குப் பையோடு குட்டைக்குப் போய்க் குப்பை பொறுக்குகிறார்கள். ஆமைக்குத் தீனி வேறு. மாடிவீட்டு அக்கா வாசலில் பிடித்துக்கொண்டார். "உங்க ஆமை வந்ததுலேர்ந்து எங்க வீட்ல கீரை தங்க மாட்டேங்குது தம்பி." மன்னிப்புக் கேட்கும்போதே சிரிப்பு வந்து தொலைத்தது.

ஜூன் 21
சிரிப்பெல்லாம் போயிற்று. மண் கொட்ட வந்த லாரியைப் பிள்ளைகள் மறித்துவிட்டார்கள். ஆமை செத்துப்போயிடும் என்று ஒரே அழுகை. ஆபீஸில் இவளுக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள முடியாத அளவுக்குத் திட்டு. "இல்லாத ஆமைக்காக இருக்கிற வேலையை விடவா? நீங்களே போய்ப் பொய்னு சொல்லிடுங்க."

பொய்யா? கதைம்மா அது. அவ கேக்கறதும் நியாயம்தான். ஆனா அந்தப் புள்ளைங்க மூஞ்சியப் பாத்து எப்படிடா சொல்லுவே?

ஜூன் 22
போனேன். சொன்னேன். அங்கே ஆமையே கிடையாது, நான்தான் கதை கட்டிவிட்டேன் என்று. முன்பல் விழுந்த ஒரு சிறுமி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாது அங்கிள். கரை இன்னும் சுத்தமாகல, அதான் வரல." சாக்கை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எழுதினவனுக்கே தெரியாதாம்.

வீட்டில் சொன்னேன். இவள் சிரிக்கவில்லை. "எதுவரைக்கும் சுத்தம் பண்ணியிருக்காங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 30
டேப்பும் கையுமாக வெயிலில் அலைந்து முகம் கறுத்துப்போய் வந்தாள். இவள் மாற்றிய திட்டப்படி வாகன நிறுத்தம் டிப்போவின் பழைய ஷெட் பக்கம் போகிறது. குட்டை தப்பித்தது.

கூட்டத்தில் மேலதிகாரி, "ஆமை இருக்கா இல்லையாம்மா?" என்றாராம். "இதுவரைக்கும் நான் பாக்கல சார்" என்றாளாம்.

இதுவரைக்குமாம். என்னைவிடப் பெரிய கதைக்காரி.

ஜூலை 9, ஞாயிறு
காலையில் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு போனால், பிள்ளைகளோடு பிள்ளையாகக் குட்டைக்கரையில் குந்தியிருக்கிறாள். "பசிக்குது, வீட்டுக்கு வா" என்றேன். தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மெதுவா பேசுங்க. பயந்துபோய் உள்ள போயிடப் போகுது."