சுதாவிடம் இன்னும் சொல்லவில்லை

என் வசந்தாவுக்கு,

நேற்று மாலை நம் சுதா வாய் திறந்து பேசியிருக்கிறாள். நான் நேரில் கேட்கவில்லை. சொன்னவர் அடுத்த வீட்டு மும்தாஜ். அவருடைய தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே சுதா உட்கார்ந்திருந்தாளாம், அதனால் செய்தியில் சந்தேகமில்லை. "பச்சைச் சேலை எங்க பீரோவுலதான் இருக்குது. மாமா பொய் சொல்றாங்க. எங்கப்பாவுந்தான்."

கடைசி வார்த்தையை மும்தாஜ் முதலில் விட்டுவிட்டுத்தான் சொன்னார். அவ்வளவுதானா என்று கேட்டேன். "ஏனுங்கண்ணா, பேப்பர்ல போடப் போறீங்களா, இப்படித் துருவறீங்க?" என்று சிரித்தார். பிறகு கையிலிருந்த ரவிக்கைத் துணியைப் பார்த்துக்கொண்டே அதையும் சொன்னார்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே என் அக்கா சுதாவை வெள்ளகோவிலில் தன் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். காரியங்கள் முடிந்து அவளை அழைத்துவந்தபோது, அம்மா தன் ஊரான கோபிக்கு, மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அவளுக்குச் சொல்லியாகியிருந்தது. "நாலு வயசுப் புள்ளைக்குச் சாவுன்னா என்னடா தெரியும்? ரெண்டு மாசம் போனா மறந்துபோடும்" என்றார் அக்கா. நான் மறுக்கவில்லை. சொல்லும் வேலை என்னைவிட்டுப் போனதில் எனக்கும் ஒரு நிம்மதி இருந்தது.

அதன்பின் கோபியிலிருந்து வருகிற எல்லோரும் அந்தப் பொய்க்கு ஒத்தாசை செய்தார்கள். வெறும் கையோடு வந்து பழக்கமில்லாதவர்கள் ஆயிற்றே. உன் அண்ணன் தோட்டத்து வாழைப்பழச் சீப்போடு வந்து, "அம்மா குடுத்துவுட்டாங்க கண்ணு" என்பார். உன் சித்தி முறுக்கு கொண்டுவந்து அதையே சொல்வார். நாங்கள் எல்லோரும் தலையாட்டுவோம்.

போன முறை உன் அண்ணன் வந்தபோது சுதா அவர் மடியில் உட்கார்ந்திருந்தாள். "நீங்க அம்மாவப் பாத்தீங்களா மாமா?" என்று கேட்டாள்.

"பாத்தனே சாமி."

"என்ன சேலை கட்டியிருந்தாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "பச்சைச் சேலை கண்ணு."

"கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா?"

"கிளிப்பச்சைதான்."

அவள் மடியிலிருந்து இறங்கி உள்ளே போனாள். பீரோ கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உன் சேலைகளை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நான்தான் அப்படியே வைத்திருந்தேன். அன்றிலிருந்து அவள் எங்கள் யாரோடும் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறாள், தலை வாரக் கூப்பிட்டால் உட்காருகிறாள், அவ்வளவுதான்.

துணி காயப்போடும்போது நீ அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சேலையாகக் காட்டி நிறம் கேட்பாய். பச்சை என்று மட்டும் சொன்னால் விடமாட்டாய், எந்தப் பச்சை என்பாய். அவள் சிணுங்கினால் கோபமா, பயமா, பசியா என்று கேட்டு, அவளே சொல்லும்வரை காத்திருப்பாய். இதையெல்லாம் பார்த்து நான் கேலி செய்திருக்கிறேன். இப்போது நானும் கேட்கிறேன். ஆனால் என் கேள்வி பேட்டிக் கேள்வி மாதிரி விழுகிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நேற்று மும்தாஜ் வெட்டுத் துணிகளை முன்னால் கொட்டி, "இது என்ன கலருங்க அம்மணி?" என்று விளையாட்டாகக் கேட்ட பிறகுதான் அவள் பேசியிருக்கிறாள்.

சேலை இங்கே இருப்பதை அவள் என்னவென்று எடுத்துக்கொண்டாள், வசந்தா? நீ கோபியில் இருந்துகொண்டே வராமல் இருக்கிறாய் என்றா? தான் ஏதோ சேட்டை செய்ததால் போய்விட்டாய் என்றா? அந்தச் சின்னத் தலைக்குள் அவளாகவே ஒரு காரணம் கட்டிக்கொண்டிருந்தால், அதை நான் எப்படித் தெரிந்துகொள்வேன்?

செய்திக்காகப் போய்ப் பழக்கமான ஒரு குழந்தை மருத்துவரிடம் இன்று காலை கேட்டேன். "ஊருக்குப் போயிருக்காங்க, தூங்கறாங்க, இதெல்லாம் வேண்டாமுங்க. செத்துட்டாங்க, இனி வரமாட்டாங்கன்னு நேரா சொல்லிப்போடுங்க. உன்னால இப்படி ஆகலைங்கிறதையும் சொல்லோணும். நாளைக்கும் கேக்கும், அதுக்கடுத்த நாளும் கேக்கும். சலிச்சுக்காதீங்க" என்றார்.

பத்திரிகையில் எத்தனையோ பேரின் மரணத்தை எழுதியிருக்கிறேன். காலமானார், மறைந்தார் என்று எழுதியதெல்லாம் நாலு வயதுக் குழந்தைக்கு எதையும் சொல்லாது. மருத்துவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை உன் பெயரோடு சேர்த்து நான் இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

அக்காவிடம் பேசினேன். "புள்ளை அழுதா யாருடா தாங்கறது?" என்றார். பேசாமல் இருப்பதற்கு அழுதால் தேவலை என்றேன். "உன்னால சொல்ல முடியுமா? அன்னிக்குக் காரியத்துல அவ பேரைச் சொல்லவே உனக்கு வாய் வரல." பிறகு அவரே, "சொல்றப்ப நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார்.

மதியம் அலுவலகத்திலிருந்து உன் அண்ணனுக்குப் போன் போட்டேன். சுதாவிடம் உண்மையைச் சொல்லப் போகிறோம் என்றேன். "பழம் கொண்டாரட்டுமா, வேண்டாங்களா மாப்ளே?" என்று கேட்டார். கொண்டுவாருங்கள், உங்கள் தோட்டத்தில் வெட்டியது என்று சொல்லிக் கொடுங்கள் என்றேன். சரி என்றார்.

நாளை மறுநாள் ஞாயிறு. காலை முதல் பஸ்ஸில் அவர் வந்துவிடுவார். சுதா சாப்பிட்டு முடித்ததும் சொல்வதாக முடிவாகியிருக்கிறது. என்ன வார்த்தையில் தொடங்குவது என்று இன்னும் முடிவாகவில்லை. பொய் சொன்னதாக அவள் சொல்லும் இரண்டு பேரும் இப்போது உண்மையைச் சொல்லப் போகிறோம். நம்புவாளா என்பது ஞாயிறன்றே தெரிந்துவிடும் என்றும் நினைக்கவில்லை. அதற்கு எத்தனை ஞாயிறு ஆகும் என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை.

உனக்கு ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். அவள் எத்தனை முறை கேட்டாலும், அம்மா இனி வரமாட்டாள் என்ற ஒரே பதிலைத்தான் சொல்வேன். அப்படியானால் அம்மா எங்கே இருக்கிறாள் என்று கேட்டால், அது மட்டும் அப்பாவுக்குத் தெரியாது கண்ணு என்பேன்.

உன் கணவன்,
சுதாவின் அப்பா