எஞ்சினுக்கடியில் என் பலகை

"எஞ்சின் மவுண்ட் ரப்பர்தான் போச்சு, மறுபடி எஞ்சினை இறக்கணும்—"

"அதுக்கு முன்னாடி என் பலகை எங்கேன்னு சொல்லுங்க."

"வண்டி கிடுகிடுன்னு ஆடுது, இவளுக்குப் பலகை!"

இப்படிக் கத்திவிட்டு நீங்கள் குளிக்கப் போனதும், நான் டார்ச்சோடு வண்டிக்கடியில் குனிந்தேன். எஞ்சின் மாற்றிய அன்று முட்டுக்கொடுக்க எடுத்துப் போனீர்களே, என் காய் நறுக்கும் பலகை, அது எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே இன்னும் இறுகிக் கிடக்கிறது! "ரப்பர்தான் ஆட்டத்தை வாங்கிக்கணும், பாடிக்கு விடக் கூடாது" என்று நீங்கள்தானே எனக்குப் பாடம் நடத்தினீர்கள்? இப்போது ஆட்டமெல்லாம் பலகை வழியாக நேரே பாடிக்கு வருகிறது.

ஜாக்கி வைத்து எஞ்சினைக் கொஞ்சம் தூக்கிவிட்டு உருவுங்கள். கையை நசுக்கிக்கொள்ளாதீர்கள்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். காய் பெரிது பெரிதாகத்தான் இருக்கும். பலகை இல்லாமல் கையில் வைத்து நறுக்கியது.

வண்டிச் சாவி ஃப்ரிட்ஜ் மேலே.

இன்னொன்று. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறேன். "உன் வீட்டுக்காரர் வண்டி வாசலைத் தாண்டாது" என்று வழக்கம்போலச் சிரிப்பாள். "சாயங்காலம் அதுலதான் வீட்டுக்குப் போவேன், பாரு" என்று சொல்லப் போகிறேன்.

வந்துடுவீங்கல்ல?