வரி கட்டுகிற ஆள்

சாமாத்தின் அம்மாவுக்கு,

மாஸ்கோவில் பனி அள்ளி அள்ளி உன் கை எப்படியிருக்கிறது? நீ அனுப்பிய பணத்தில் நிலக்கரி வாங்கிவிட்டேன்.

சுரங்கத்தில் கால் போனதற்காக வரும் ஊனமுற்றோர் ஓய்வூதியத்துக்கு வரி உண்டா என்று கேட்க, வெள்ளைக் கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓஷ் நகரத்துக்குப் போனேன். வரி அலுவலகப் பெண் சிரித்தாள்.

"அண்ணே, இதையெல்லாம் நாங்க வருமானம்னே எடுத்துக்கறதில்ல. சந்தோஷமா வீட்டுக்குப் போங்க."

சந்தோஷமாக வரவில்லை.

நம்மூர்த் தேநீர்க் கடையில் எர்மெக், "என்னப்பா, பொண்டாட்டி காசுல தொப்பி பளபளக்குது?" என்றான்.

"வரி கட்டிட்டு வரேன்டா" என்று சொல்லிவிட்டேன். உடனே அடுப்போரத்து இடத்தை எனக்கு விட்டார்கள்.

எர்மெக்கின் மனைவி உன் அறையில்தானே தங்கியிருக்கிறாள். நான் வரி கட்டுகிறேனா என்று அவள் கேட்டால், ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடு.

உன் வீட்டுக்காரன்