மூன்று கோட்டுத் தூண்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வெறும் 'ம்' கொட்டினால் எனக்குப் பேச்சு வராது. இங்கே இருவரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா? பேத்திக்குப் பல் விழுந்ததாமே.

வீட்டு வேலையை ஆரம்பித்துவிட்டோம். கூடத்து மேற்குச் சுவரில் மண்பூச்சு தொப்பை போட்டுச் சரிந்துவிட்டது. தச்சர் வந்து மீதியையும் உதிர்த்தார். உள்ளே ஆறு தூண், குறுக்கே உத்தரங்கள், இடையில் மூங்கில் பின்னல். ஓர் இரும்பாணி கிடையாது. எல்லாம் துளையில் நுழைத்து மர ஆணி அடித்ததுதான். பிறந்ததிலிருந்து குடியிருக்கும் வீட்டை இப்போதுதான் முழுசாகப் பார்க்கிறேன்.

தூண்களின் அடியில் உளியால் கோடுகள் போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மரத்தை வேறிடத்தில் அறுத்து, துளை போட்டு, எத்தனையாவது தூண் என்று தெரியக் கோடு கீறி, வண்டியில் கொண்டுவந்து நிறுத்துவார்களாம். வரிசையாகத் தடவிக்கொண்டே போன தச்சர் மூன்றாவது தூணில் நின்றுவிட்டார். அதில் நான்கு கோடு. அடுத்ததில் மூன்று. "மாத்தி நட்டுட்டாங்கய்யா. இதுல துளை ரெண்டு விரல் கீழ இருக்கு. கட்டின அன்னிக்கே உத்தரம் சாஞ்சாச்சு" என்றார். மழைக்கு முன்னால் கூரை போடுகிற அவசரமாக இருக்கும் என்பது அவர் கணக்கு.

உனக்கு மறந்திருக்காது. பத்து வயதில் நீ அந்த உத்தரத்தில் பூச்சுக்கு வெளியே நீட்டியிருந்த ஒரு மர ஆணியைப் பிடுங்கினாய், பொம்மை செய்ய. அதே வாரம்தான் அதன் கீழே நான் மாட்டிய புதுக் கதவு சாத்த மறுத்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு உன்னை அடித்தேன். அதோடு விட்டேனா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம் 'வீட்டைச் சாய்த்த மகராசி' என்று காட்டினேன். உன் கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டாரிடமும் சொல்லிச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு ராத்திரிகூட நீ இங்கே தங்கியதில்லை. காலையில் வருவாய், மாலை பஸ்ஸுக்குப் பையைத் தூக்குவாய். காரணம் தெரியாதவன் போலவே நானும் வழியனுப்புவேன்.

அம்மாவிடம் தச்சர் சொன்னதைச் சொன்னேன். "அன்னிக்கே அந்தக் கதவோட சேத்து உங்களையும் இழைச்சிருக்கணும்" என்றாள். இரண்டு நாளாக முறைத்துக்கொண்டேதான் சோறு போடுகிறாள். போடட்டும், எனக்கு வேண்டியதுதான்.

தூண்களை மாற்றவா என்று தச்சர் கேட்டார். இத்தனை காலம் நின்றுவிட்டது, இருக்கட்டும் என்றேன். கதவின் தலையைத்தான் சாய்வுக்குத் தக்கபடி இழைத்தார். இப்போது ஒரு விரலால் தள்ளினாலே சாத்திக்கொள்கிறது. இதை அன்றைக்கே செய்திருந்தால் அரை மணி நேர வேலை.

நீ பிடுங்கிய ஆணி இத்தனை வருஷமும் என் மேஜை இழுப்பறையில்தான் கிடந்தது, ஊருக்குக் காட்ட. தச்சர் கேட்டார், கொடுக்கவில்லை. அந்தத் துளையை மட்டும் அப்படியே விடச் சொல்லிவிட்டேன். நீயே அதை அடிக்கச் சுத்தியலை எடுத்து வைத்திருக்கிறேன். நாலு நாளைக்குத் துணி எடுத்துக்கொண்டு வா. மாப்பிள்ளையும் பேத்தியும் வரட்டும். அவர்கள் முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

குடும்பத்தோடு நீ நன்றாக இருக்க வேண்டும், மகளே. சுவரை இன்னும் பூசவில்லை. நீ வந்த பிறகுதான்.

உன்
அப்பா