பெட்டி கேட்கும் முகம்

பெகிமாயின் அப்பாவுக்கு,

இங்கே நானும் பெகிமாயும் ஆடுகளும் சுகம். மாஸ்கோவில் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் அல்லா காக்கட்டும். போனில் நான் வாயைத் திறந்ததுமே உங்களுக்குச் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் காகிதம். அங்கே வேலைக்கு வருகிற பக்கத்து வீட்டு ஜிர்கல் கொண்டுவருகிறான். பிழை இருந்தால் சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தைவிட ஆட்டுப்பட்டியில் அதிகம் இருந்தவள் நான்.

நம் ஊருக்கும் கம்ப்யூட்டர் மையம் வந்துவிட்டது. பழைய குளியல்கூடத்துக்கு வெள்ளையடித்துப் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். கரண்ட்தான் பாதி நாள் இல்லை. தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் வந்து ரிப்பன் வெட்டி, இனி உலகமே உங்கள் கையில் என்றார்கள். அப்புறம் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். புதர்ப்பக்கம் கையைக் காட்டினோம்.

கோடை மேய்ச்சல் மலையை இனி அந்தப் பெட்டிதான் பங்கு போடுமாம். குடும்பத் தலைவர் நேரில் வந்து அதற்கு முகம் காட்டவேண்டும். காட்டாவிட்டால் அவர் பங்கு அடுத்தவருக்கு. உங்கள் அப்பா காலத்திலிருந்து நம் கூடாரம் நிற்கிற ஓடைக்கரையும் அப்படித்தான் போகும். நான் போய் நின்றேன். மையத்தைப் பார்த்துக்கொள்கிற உலுக்மான், "அக்கா, உங்க முகம் செல்லாது. அண்ணன் முகம்தான் வேணும்" என்றான்.

"எனக்கும் அதான் தம்பி வேணும். மூணு வருஷமா கேட்டுட்டிருக்கேன். உன் பெட்டி எனக்குப் பின்னாடி வரிசையில நிக்கட்டும்" என்றேன்.

நம் கல்யாணப் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினேன். பெட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, உயிருள்ள ஆள் யாரும் தெரியவில்லை என்று எழுதியது. எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

உலுக்மானைச் சரிக்கட்டலாம் என்று ஓர் ஆட்டை அறுத்து விருந்து வைத்தேன். நம் வழக்கப்படி ஆட்டுத்தலை விருந்தாளிக்குத்தானே. அதன் காதைப் பெகிமாய்க்கு அறுத்துக் கொடுத்துவிட்டு, ஒரு கண்ணை எனக்கு நீட்டினான். அடிக்கடி பார்க்க ஆசைப்படுகிற ஆளுக்கல்லவா கண் கொடுப்பது? அவன் மூஞ்சியை யார் பார்ப்பது! உங்களுக்கென்று எடுத்து வைத்தேன். நாறிப்போனதும் நாய்க்குப் போட்டேன். இனி நாயாவது உங்களைப் பார்க்கட்டும்.

தின்று வாயைத் துடைத்துக்கொண்டு அவன் ஒரு வழி சொன்னான். என்னையே குடும்பத் தலைவி ஆக்கலாமாம். ஒரு பொத்தானை அழுத்தினால் போதுமாம். புருஷன் எங்கே என்று பெட்டி கேட்கும். அதற்கு இரண்டே பதில். இறந்துவிட்டார், பிரிந்துவிட்டார்.

"வேலைக்குப் போயிருக்கார்னு ஒரு பொத்தான் இல்லையா?" என்று கேட்டேன். இல்லையாம். ஊரில் பாதி ஆம்பிளைகள் அங்கேதான் இருக்கிறீர்கள். அதுகூடத் தெரியாதவர்கள் நமக்கு உலகத்தைக் கொடுக்க வந்துவிட்டார்கள்.

போன தடவை போனில் உங்களுக்குப் பின்னால் பூப்போட்ட திரைச்சீலை தெரிந்தது. கட்டட வேலைக்காரர்கள் தங்குகிற இடம் இப்போது ரொம்ப நேர்த்தி போலிருக்கிறது. தைத்த கை நோகாமல் இருக்கட்டும். பெகிமாயும் பார்த்துவிட்டாள்.

கணவாயில் பனி உருகுகிறது. ஆடுகள் பட்டிக் கதவை முட்டுகின்றன. மலை ஏறுவதற்குள் பெட்டிக்குப் பதில் சொல்லியாகவேண்டும். வந்து அதற்கு முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். எனக்கென்று காட்ட வேண்டாம். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

வர முடியாது என்றால், எதை அழுத்துவது என்று ஜிர்கலிடம் சொல்லுங்கள். அவன் போனில் சிக்னல் போவதில்லை. இறந்துவிட்டார் என்பதன் பக்கம் என் விரல் போகாது. நீங்கள் நூறு வயது இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
இன்னும் எதையும் அழுத்தாத
சாய்ராகான்